பள்ளியில் இடம் கிடைக்காத பியானோ மேதை – பிரான்ஸ் லிஸ்ட்

(9-ஆம் வகுப்பு மாணவி)



லிஸ்ட் என்றதும் எல்லாருக்கும் மளிகைக் கடை லிஸ்ட்தான் ஞாபகம் வரும். நான் எழுதுவது ஒரு மனிதரைப் பற்றி. அவர் பெயர் பிரான்ஸ் லிஸ்ட். அவருடைய நாடான ஹங்கேரியின் மொழியில் லிஸ்ட் என்றால் மாவு என்று அர்த்தமாம். அப்படிப் பார்த்தால் மளிகைக் கடையை விட்டு நாம் ரொம்ப தூரம் போய்விடவில்லை! ஆனால் இவர் பியானோ வாசித்து ஐரோப்பா முழுவதையும் ஆட்டி வைத்தவர்.

இவர் நன்றாக வாசித்தார் என்பதற்காக மட்டும் இவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. 12 வயதில் ஒரு பெரிய இசைப்பள்ளியில் சேரப் போனார். இடம் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே ஆள் 64 வயதில் தன் நாட்டில் ஒரு இசைப்பள்ளியைத் தொடங்கி வைத்து அதற்குத் தலைவராக உட்கார்ந்தார். நடுவில் 52 வருஷம். அந்த 52 வருஷத்தில் என்னென்ன நடந்தது, வாருங்கள் பார்ப்போம். (இரண்டு சார்ட்டில் எழுதியிருக்கிறேன். இதோடு நிறுத்திவிடாமல் பக்கத்துச் சார்ட்டையும் படியுங்கள்.)

முதலில் பியானோ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பார்க்க ஆர்மோனியம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் இருக்கும். ஆனால் ஆர்மோனியத்தில் காற்று போய்த்தான் சத்தம் வரும். பியானோவில் காற்று வேலையே இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒரு குட்டிச் சுத்தியல் இருக்கிறது. நாம் கட்டையை அமுக்கினால் அது எழும்பிக் கம்பியை அடிக்கும். மெதுவாகத் தொட்டால் மெதுவான ஒலி, ஓங்கி அமுக்கினால் பெரிய ஒலி. இப்போதுள்ள பியானோவில் 88 கட்டைகள், 200-க்கும் மேலே கம்பிகள். லிஸ்ட் சின்னப் பையனாக இருந்தபோது இத்தனை கட்டைகள் கிடையாது.

இதை முறையாகக் கற்றுக்கொள்ள ஐரோப்பாவில் பிள்ளைகள் போய்ச் சேருகிற இசைப்பள்ளிக்குக் கன்சர்வேட்டரி என்று பெயர். இந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த இல்லங்களுக்குத்தான் முதலில் அந்தப் பெயர் இருந்தது. அங்கே பிள்ளைகளுக்குப் பாட்டும் வாத்தியமும் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு இசைப்பள்ளி என்றாலே அந்தப் பெயர் என்று ஆகிவிட்டது. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட இடத்தின் பெயரை வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் ஒரு பள்ளி என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

ஆட்டுப் பண்ணையில் பிறந்தவர்

லிஸ்ட் 1811-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி டோபோர்யான் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்போது அது ஹங்கேரியில் இருந்தது. இன்று ஆஸ்திரியாவில் ரைடிங் என்ற பெயரில் இருக்கிறது. அப்பா பெயர் ஆடம், அம்மா பெயர் அன்னா. எஸ்டர்ஹாசி என்ற பெரிய பிரபுவுக்குச் சொந்தமான ஆட்டு மந்தைகளை மேற்பார்வை பார்ப்பதுதான் அப்பாவுடைய உத்தியோகம். ஆனால் அவர் மனசு முழுக்கச் சங்கீதம்தான். செல்லோ என்ற பெரிய வாத்தியம் வாசிப்பார். அந்தப் பிரபுவின் அரண்மனையில்தான் ஹைடன் என்ற பெரிய இசைமேதை வேலை பார்த்தார். அங்கேயிருந்து ஆட்டு மந்தைக்கு வந்து சேர்ந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும், பாவம்!

தனக்குக் கிடைக்காதது மகனுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மகனுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார். பையனுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். ஆனாலும் விரல் மட்டும் ஓடும். 9 வயதிலேயே மேடை ஏறிவிட்டான். 1820-இல் பிரெஸ்பர்க் நகரத்தில் (இன்று சுலோவாக்கியாவின் தலைநகரம் பிராட்டிஸ்லாவா) அவன் வாசித்ததைக் கேட்ட ஹங்கேரி நாட்டுப் பிரபுக்கள் சிலர், வருஷத்துக்கு 600 கில்டர் வீதம் ஆறு வருஷம் உதவித்தொகை தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கில்டர் என்பது அந்தக் காலத்துக் காசு.

1822-இல் அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வியன்னாவுக்குப் போனார். அந்த வேலைக்கு அவர் திரும்பி வரவே இல்லை. வியன்னாவில் கார்ல் செர்னி என்ற ஆசிரியர் கிடைத்தார். செர்னி யார் என்றால் பீத்தோவனிடம் படித்தவர். பையன் கன்னாபின்னா என்று வேகமாக வாசிப்பதைப் பார்த்து அவர் மயங்கிவிடவில்லை. பழையபடி முதலிலிருந்து விரல் பயிற்சி, தாளக் கட்டுப்பாடு என்று உட்கார வைத்தார். பையனுக்கு முதலில் இது பிடிக்கவே இல்லையாம். ஆனால் கொஞ்ச நாளிலேயே செர்னி சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சலியேரி என்ற இன்னொரு ஆசிரியரும் இசை இலக்கணத்தைக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். சின்ன வயசில் இப்படி இலவசமாகப் படித்ததை லிஸ்ட் சாகும்வரை மறக்கவில்லை. அது எப்படி என்று பின்னால் தெரியும்.

பாரிஸில் சாத்திய கதவு

அடுத்து பாரிஸ். அங்கே 1795-இல் தொடங்கிய கன்சர்வேட்டரி அப்போது ஐரோப்பாவிலேயே பெயர்போன பள்ளி. அதில் மகனைச் சேர்த்துவிட்டால் போதும் என்பதுதான் அப்பாவுடைய ஆசை. 1823 டிசம்பரில் பாரிஸில் வந்து இறங்கினார்கள். மெட்டர்னிக் என்ற ஆஸ்திரிய மந்திரியின் சிபாரிசுக் கடிதம்கூடக் கையில் இருந்தது. நேரே தலைமை இயக்குநர் செருபினியைப் பார்க்கப் போனார்கள்.

அவர் பையனைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. நன்றாக வாசிக்கிறானா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. எங்கே பிறந்தான் என்பதுதான் பிரச்சினை. அப்பாவும் மகனும் எவ்வளவு கெஞ்சியும் பலிக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் செருபினியே பிரெஞ்சுக்காரர் இல்லை! அவர் இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் பிறந்தவர். எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது கோபம் கோபமாக வந்தது.

இது லிஸ்ட்டுக்கு மட்டும் நடந்தது இல்லை. செசார் ஃபிராங்க் என்ற பையனை 1837-இல் அங்கே சேர்ப்பதற்காக அவனுடைய அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையே வாங்க வேண்டியிருந்தது. 1842-இல் அமெரிக்காவிலிருந்து வந்த காட்ஷாக் என்ற பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்காமலேயே அனுப்பிவிட்டார்கள். ரஷ்யாவிலிருந்து வந்த ஆன்டன் ரூபின்ஸ்டைன் என்ற பையனுக்கும் இடம் கிடைக்கவில்லை. இந்த ரூபின்ஸ்டைன் பெயரை மட்டும் மறந்துவிடாதீர்கள். 1862-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் முதல் கன்சர்வேட்டரியைத் தொடங்கியவர் இவர்தான்.

பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடம் உண்டா என்று தோழிகள் கேட்பீர்கள். உண்டு. ஆனால் பியானோ வகுப்பு ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. 1842-இல் லூயிஸ் ஃபாரெங்க் என்ற அம்மையார் அங்கே பியானோ பேராசிரியர் ஆனார். ஆண் பேராசிரியர்களைவிட அவருக்குச் சம்பளம் குறைவு. அவர் விடாமல் கேட்டுக் கேட்டு 1850-இல் சம சம்பளம் வாங்கினார். அவரைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

சரி, நம்ம லிஸ்ட்டுக்கு வருவோம். பள்ளி இல்லாவிட்டால் என்ன என்று அப்பா தனி ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தார். பாயர், ரெய்ஷா என்ற இரண்டு பேர் இசையமைப்பு சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பியானோவுக்கு? செர்னிக்குப் பிறகு லிஸ்ட்டுக்குப் பியானோ ஆசிரியர் என்று யாருமே இல்லை. தானே தனக்கு வாத்தியார்.

அவர்கள் தங்கியிருந்த தெருவிலேயே எரார் என்ற பியானோ செய்கிறவர்களின் கடை இருந்தது. அவர்கள் புதிதாக ஒரு வித்தை கண்டுபிடித்திருந்தார்கள். பழைய பியானோவில் ஒரு கட்டையை அமுக்கினால் அது முழுசாக மேலே வந்த பிறகுதான் மறுபடி அடிக்க முடியும். எரார் பியானோவில் பாதி வந்தாலே போதும், சுத்தியல் மறுபடி அடிக்கத் தயாராகிவிடும். அதனால் ஒரே ஸ்வரத்தை மடமடவென்று திரும்பத் திரும்ப அடிக்கலாம். லிஸ்ட்டின் வேகத்துக்கு ஏற்ற கருவி கிடைத்துவிட்டது. 1824-இல் இங்கிலாந்து போய் அரசர் நான்காம் ஜார்ஜ் முன்னால் வாசித்தான். 1825-இல் பாரிஸில் அவன் எழுதிய இசைநாடகம் அரங்கேறியது. அப்போது வயது 14 நிரம்பவில்லை. என்னைவிடச் சின்னவன்!

அப்பா போன பிறகு

1827 ஆகஸ்டில், பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை ஊரான பூலோனில், அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். லிஸ்ட்டுக்கு 16 வயதுகூட ஆகவில்லை. அம்மாவை வரவழைத்துப் பாரிஸில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார். சாப்பாட்டுக்காகக் காலையிலிருந்து ராத்திரி வரை வீடு வீடாகப் போய்ப் பியானோ ட்யூஷன் எடுத்தார். அதில் ஒரு மாணவி கரோலின். அவருடைய அப்பா மந்திரி. இருவரும் விரும்பினார்கள், மந்திரி வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். லிஸ்ட் உடம்பு கெட்டுப் படுத்துவிட்டார். எவ்வளவு மோசம் என்றால், 1828-இல் ஒரு பாரிஸ் பத்திரிகை அவர் இறந்துவிட்டதாகச் செய்தியே போட்டுவிட்டது!

சின்ன வயதில் கிராமத்துப் பள்ளியில் கொஞ்ச நாள் படித்ததோடு சரி, அதற்கப்புறம் அவர் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. அந்தக் குறை அவருக்கு ரொம்ப இருந்தது. அதனால் கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் வெறிபிடித்த மாதிரி படித்தார். 1832-இல் பகானினி என்ற வயலின் மேதையின் கச்சேரியைக் கேட்டார். வயலினில் இவ்வளவு முடியும் என்றால் பியானோவில் எவ்வளவு முடியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அதன்பிறகு தினமும் நாலைந்து மணி நேரம் வெறும் விரல் பயிற்சி மட்டும். பாட்டு வாசிப்பது தனிக் கணக்கு.

1835-இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் புதிதாக ஒரு கன்சர்வேட்டரி தொடங்கினார்கள். லிஸ்ட் அங்கே சம்பளம் இல்லாமல் வகுப்பு எடுத்தார். அவருடைய வகுப்பில் பெண்பிள்ளைகள்தான் அதிகம். ஒரு நோட்டுப் போட்டு, யார் நன்றாக வாசிக்கிறார், யாருக்கு என்ன குறை என்று எழுதி வைத்திருக்கிறார். நம்ம டீச்சர்கள் ரேங்க் கார்டில் எழுதுவது மாதிரிதான். பள்ளியில் இடம் கிடைக்காத பையன் 24 வயதில் பள்ளி ஆசிரியர்.

1838-இல் டான்யூப் ஆற்றில் வெள்ளம் வந்து ஹங்கேரியின் பெஸ்ட் நகரம் மூழ்கியது. லிஸ்ட் அப்போது இத்தாலியில் இருந்தார். சின்ன வயதில் விட்டு வந்த நாடு. அந்த நாட்டு மொழிகூட அவருக்குச் சரியாகப் பேச வராது, வீட்டில் பேசியது ஜெர்மன். ஆனாலும் செய்தியைப் படித்ததும் வியன்னாவுக்கு ஓடினார். கச்சேரிமேல் கச்சேரி வைத்து வந்த பணத்தை வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தார். 24,000 கில்டர்! 1840 ஜனவரியில் பெஸ்டுக்குப் போனபோது மக்கள் அவருக்கு வீரவாள் கொடுத்தார்கள். அப்போது அங்கே ஒரு கன்சர்வேட்டரி வேண்டும் என்று சொல்லி அதற்காகவும் ஒரு கச்சேரி நடத்திப் பணம் கொடுத்தார்.

1839-லிருந்து 1847 வரை எட்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். ரயில் அதிகம் இல்லாத காலம். குதிரை வண்டியில் அயர்லாந்து, போர்ச்சுகல், ரஷ்யா, துருக்கி என்று போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். அதுவரை ஒரு கச்சேரி என்றால் பாடகர், வயலின்காரர் என்று பல பேர் மேடையில் வருவார்கள். ஒரே ஒரு ஆள் பியானோவோடு முழுக் கச்சேரியும் செய்வதை வழக்கமாக்கியவர் லிஸ்ட்தான். பியானோவைப் பக்கவாட்டில் திருப்பி, மூடியைத் திறந்து வைப்பார், ஒலி சபைக்குப் போய்ச் சேரும். நோட்டைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசிப்பார். (மனப்பாடமாக வாசிப்பதில் கிளாரா ஷூமன் என்ற பெண் கலைஞரும் முன்னோடி. எட்டுப் பிள்ளைகள் பெற்றவர், கணவர் இறந்த பிறகு கச்சேரி செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். 1878-இலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் கன்சர்வேட்டரியில் பியானோ ஆசிரியர்.)

பெர்லினில் லிஸ்ட் பத்து வாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். ஜனங்கள் அவருடைய கைக்குட்டைக்கும் கையுறைக்கும் அடித்துக்கொண்டார்கள். நம்ம ஊரில் சினிமா நடிகர் வந்தால் நடப்பது அங்கே 1842-லேயே நடந்திருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அவருக்கு பிளாண்டின், கோசிமா, டேனியல் என்று மூன்று பிள்ளைகள். ஊர் சுற்றியதில் அவர்களை அவர் வருஷக்கணக்கில் பார்க்கவே இல்லை. அவர்களைப் பாரிஸில் வளர்த்தது அவருடைய அம்மா அன்னாதான். உலகமே கைதட்டியது, பிள்ளைகளுக்கு அப்பா முகம் தெரியாது. இது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு மகன் டேனியல் 1859-இல், 20 வயதில் இறந்தார். மகள் பிளாண்டின் 1862-இல் இறந்தார்.

காசு வாங்காத வாத்தியார்

1847-இல், இன்று உக்ரைனில் இருக்கும் எலிசவெத்கிராட் நகரத்தில் கச்சேரி செய்துவிட்டு, இனிமேல் காசுக்கு வாசிப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டார். அப்போது வயது 35! அதற்குப் பிறகு 39 வருஷம் உயிரோடு இருந்தார். தர்மக் காரியங்களுக்கு வாசித்தார், தனக்காக வாசித்துச் சம்பாதிக்கவில்லை. ஜெர்மனியில் வைமார் என்ற சின்ன ஊரில் அரண்மனை இசைத்தலைவராக இருந்து நிறைய இசை எழுதினார். மிகக் கஷ்டமான 12 பியானோ பயிற்சிப் பாடல்கள் எழுதி, அதைத் தன் பழைய வாத்தியார் செர்னிக்குக் காணிக்கை ஆக்கினார். 1865-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் கீழ்நிலைக் குருத்துவப் பட்டங்கள் பெற்று, துறவியைப் போல நீண்ட கறுப்பு அங்கி போட்டுக்கொண்டார். அதனால் அவரை அபே லிஸ்ட் என்று அழைத்தார்கள்.

1869-லிருந்து அவர் வாழ்க்கை மூன்று ஊர்களில் நடந்தது. ரோம், வைமார், புடாபெஸ்ட். எங்கே போனாலும் பின்னாலேயே மாணவர்கள். வைமாரில் அவர் வகுப்பு எப்படி நடக்கும் என்றால், வாரத்தில் மூன்று நாள் மத்தியானத்துக்கு மேல் எல்லாரும் அவர் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். வாசிக்க வந்தவர்கள் தங்கள் இசை நோட்டை மேஜையில் வைத்துவிடுவார்கள். அவர் வந்து குவியலைப் புரட்டி ஒன்றை எடுப்பார். அது யாருடையதோ அவர் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். அதாவது ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பது முப்பது பேருக்கும் பாடம். இன்று உலகம் முழுக்க இசைக் கல்லூரிகளில் மாஸ்டர் கிளாஸ் என்று நடத்துகிறார்களே, அது இவர் வழியில் பரவியதுதான். விரல் பிழையை அவர் திருத்த மாட்டார், அதை வீட்டிலேயே சரிசெய்து கொண்டு வர வேண்டும். பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்லிக் கொடுப்பார். சோஃபி மென்டர், வேரா திமானோவா என்று பெண் மாணவிகளும் நிறைய. எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்று யாரையும் தடுத்தது இல்லை. மொத்தம் 400 பேருக்கு மேல் படித்திருப்பார்கள். ஒருவரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. செர்னி அவரிடம் வாங்காத சம்பளத்தை அவர் இப்படித் திருப்பிக் கொடுத்தார்.

1875 நவம்பர் 14 அன்று புடாபெஸ்டில் ஹங்கேரி நாட்டு இசைக் கல்லூரி திறக்கப்பட்டது. எங்கே தெரியுமா? மீன் சதுக்கம் என்று பெயர்கொண்ட இடத்தில், லிஸ்ட் குடியிருந்த வீட்டில்! பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. லிஸ்ட் தலைவர், ஃபெரென்ச் எர்கெல் இயக்குநர், அவர்களையும் சேர்த்து ஐந்தே ஐந்து ஆசிரியர்கள். பியானோவும் இசையமைப்பும் மட்டும் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். லிஸ்ட் வருஷா வருஷம் குளிர்காலத்தில் வந்து வகுப்பு எடுப்பார். அங்கேயும் சம்பளம் இல்லை. 1879-இல் கல்லூரி ஒரு பெரிய சாலையில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. 1881-இலிருந்து அதன் முதல் மாடியில் லிஸ்ட்டுக்கு வீடு. அதே வருஷம் வைமாரில் மாடிப்படியில் விழுந்து அடிபட்டார். பிறகு கண்ணில் புரை விழுந்து பார்வையும் மங்கியது. அப்படியும் வகுப்பை விடவில்லை.

1886-இல் மகள் கோசிமா நடத்திய இசைவிழாவுக்காக ஜெர்மனியின் பைராய்ட் நகரத்துக்குப் போனார். ஏற்கெனவே உடம்பு சரியில்லை. அங்கே நிமோனியா காய்ச்சலில் ஜூலை 31 அன்று, 74-ஆம் வயதில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கல்லூரி என்ன ஆனது?

அதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. லிஸ்ட்டிடம் படித்த இஷ்த்வான் தோமான் அங்கே பியானோ ஆசிரியர் ஆனார். 1899-இல் அவரிடம் ஒரு பையன் வந்து சேர்ந்தான். பெயர் பெலா பார்டோக். 7 வயதிலேயே அப்பாவை இழந்தவன். அம்மா பள்ளி டீச்சர், அவர்தான் அவனுக்கு முதன்முதலில் பியானோ சொல்லிக் கொடுத்தவர். வியன்னா கன்சர்வேட்டரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தும் அவன் தன் நாட்டுக் கல்லூரிதான் வேண்டும் என்று புடாபெஸ்டுக்கு வந்தான். 1823-இல் அப்படி ஒரு கல்லூரி ஹங்கேரியில் இல்லாததால்தானே நம்ம லிஸ்ட் பாரிஸ் வரைக்கும் போக வேண்டி வந்தது! பார்டோக் 1907-இல் அங்கேயே ஆசிரியர் ஆகி, 20-ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவரானார். பீத்தோவனிடம் செர்னி, செர்னியிடம் லிஸ்ட், லிஸ்ட்டிடம் தோமான், தோமானிடம் பார்டோக். கணக்குப் போட்டுப் பாருங்கள்! ஆன்னி ஃபிஷர் என்ற பெண் பியானோ மேதையும், ஜார்ஜ் ஷோல்டி, ஆண்ட்ராஸ் ஷிஃப், ஸோல்தான் கோச்சிஷ் ஆகியோரும் அங்கே படித்தவர்கள்தான்.

1907-இல் கல்லூரிக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். 1925-இல் லிஸ்ட் பெயரை வைத்தார்கள். இப்போது அங்கே பல வெளிநாட்டு மாணவர்களும் படிக்கிறார்கள்.

லிஸ்ட் குடியிருந்த முதல் மாடி வீடு 1986-இலிருந்து நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே அவருடைய எழுதும் மேஜை ஒன்று இருக்கிறது. பார்க்கச் சாதாரண மேஜை மாதிரிதான் இருக்கும். இழுப்பறையை இழுத்தால் உள்ளே பேனா, பென்சில் இருக்காது, வரிசையாகச் சின்னப் பியானோ கட்டைகள் இருக்கும். எழுதிக்கொண்டே இருக்கும்போது ஒரு ஸ்வரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றால் எழுந்து போக வேண்டாம், இழுத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே தள்ளிவிடலாம்.